கடல் அவரைக் கூப்பிடவில்லை

"கடல் கூப்பிட்டது" என்று அவர் சொல்லவே இல்லை. அது நான் எழுதிய வரி.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஜொகூர் பாருவில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் கெராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, ஆபீஸ் ஃபேக்ஸ் மெஷினில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு இளைஞர் பக்கத்துக்குக் கட்டுரை அனுப்புவேன். தமிழில் ராக் பாடுகிற ஒரு குழு கெலாங் பாத்தாவில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். டயர் கடைக்கு மேலே ஒரு அறை. சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். நாலு பேர். நாலு பேருமே வாரம் ஆறு நாள் சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு நாளை அந்த அறையில் கழிப்பவர்கள்.

பாடகருக்கு அப்போது இருபத்தாறு இருக்கும். ஒல்லி. பேசும்போது குரல் வெளியே வராது, மைக்கைப் பிடித்தால் அந்த அறை தாங்காது. பாட்டெல்லாம் அவரே எழுதியது. சிங்கப்பூர் போகிற பாலத்தில் பஸ் நகராமல் நிற்பது, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த இடமில்லாமல் போவது, இப்படி நாங்கள் தினமும் பார்ப்பதைத்தான் பாடினார். அவற்றை யாரும் பாட்டாகக் கேட்டதில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் அவர்களைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் சினிமாப் பாட்டு பாடச் சொல்வார்கள். அதை அவர் சுமாராகத்தான் பாடுவார்.

அந்த வருடம் ஏழெட்டுத் தடவை நான் அங்கே போயிருக்கிறேன். மற்றவர்கள் பீர் குடிப்பார்கள். அவர் பக்கத்தில் எப்போதும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் பார்லி தண்ணீர் இருக்கும். அம்மா காய்ச்சிக் கொடுத்து அனுப்புவது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பின்னால் அப்படி எழுதினேன்.

மெர்சிங்கில் ஒரு இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கடலைப் பார்த்த திடலில் மேடை. சாயங்காலம் ஐந்து மணி, நல்ல வெயில். குழுவின் வேனிலேயே நானும் போயிருந்தேன். மூன்றாவது பாட்டின் நடுவில் அவர் நிறுத்தினார். கிதார் தோளில் தொங்கியது. வலது கை எழும்பிச் சட்டையின் இரண்டாவது பட்டனைப் பிடித்து இழுத்தது, விட்டது, திரும்ப இழுத்தது. எதையோ மெல்லுவது மாதிரி வாய் அசைந்தது. கண் கூட்டத்தைப் பார்க்கவில்லை. பிறகு கிதார் வயரைத் தரையில் இழுத்துக்கொண்டே படியில் இறங்கி, ஸ்பீக்கரைத் தாண்டி, திடலைத் தாண்டி, படகுத்துறை இருக்கிற பக்கம் நடந்து போனார். கூட்டம் வழி விட்டது. சிலர் கை தட்டினார்கள். பின்னால் குழு நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தது.

பேஸ் கிதார் வாசித்தவர் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார். நானும் ஓடினேன். அவர்தான் சாலையோரம் பாடகரைப் பிடித்து நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்துப் பாடகர் திரும்பி, "பாட்டு முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"ஏன் இறங்கி வந்தீங்க?" என்று நான் கேட்டேன்.

"தெரியல" என்றார். சுற்றிப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. "நான் இறங்கினேனா?"

கட்டுரை எழுத உட்கார்ந்தபோது அவர் கேட்ட இந்த இரண்டு கேள்விகளும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நடை பெரியதாக இருந்தது, கேள்விகள் அதைச் சின்னதாக்கின. அதனால் இரண்டையும் விட்டுவிட்டேன். "அவர் கண்களில் ஒரு போதை இருந்தது. ஏன் நடந்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. கடல் கூப்பிட்டது" என்று எழுதினேன். குடித்திருந்தார் என்று எழுதவில்லை என்பது அப்போது எனக்குப் பெரிய நேர்மையாகத் தெரிந்தது. பத்திரிகை ஆசிரியர் அந்தக் கடைசி வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு, அவர் சொன்னதாகவே தலைப்பாக்கிவிட்டார். நான் மறுப்புச் சொல்லவில்லை. என் பெயர் பெரிய எழுத்தில் வந்திருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் அந்தத் தலைப்பின் வழியாகவே நடந்தது. வானொலிப் பேட்டியில் அவர் ஒரு கேள்விக்கு ரொம்ப நேரம் பதில் சொல்லாமல் இருந்தார். திமிர் என்றார்கள். ஒரு மேடையில் ஒரே வரியை நாலு தடவை பாடினார். போதை மருந்து ஏற்றியிருக்கிறார் என்றார்கள். சிங்கப்பூர் வேலை போனது. சூப்பர்வைசர் முகத்தில் ஏப்ரனை வீசிவிட்டு வந்தார் என்று ஒரு கதை உலவியது. ஒரு வருடத்துக்குள் குழு கலைந்தது. அவரைக் காணோம். சிறையில் இருக்கிறார், சபையில் ஊழியம் செய்கிறார், செத்துவிட்டார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்குக் கல்யாணம் ஆனது. ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். எழுதுவதை விட்டேன்.

இப்போது ஸ்கூடாயில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். போன வருடம் இரண்டாம் படிவ வகுப்பில் ஒரு பதினாலு வயது மாணவி எழுந்து நின்று பாடம் படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தினாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான், "என்னம்மா, வரி விட்டுப் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே கிட்டப் போனேன். அவள் கை சீருடைப் பட்டனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வாய் மென்றது. கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. கிட்டத்தட்ட ஒரு நிமிடம். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், நான் படிச்சு முடிச்சிட்டேனா?" என்று கேட்டாள்.

அந்த வாரமே அவள் அம்மா பள்ளிக்கு வந்து ஒரு கடிதம் கொடுத்தார். "இதுவும் வலிப்புதான் டீச்சர். மூளையில ஒரு சின்ன எடத்துல மட்டும் வருதாம். கீழ விழ மாட்டா. அந்த நேரம் என்ன செஞ்சான்னு அவளுக்கே தெரியாது. சில சமயம் எழுந்து நடந்துகூட போயிருவா. புடிச்சு இழுக்காம கூடவே இருந்தா போதும்னு டாக்டர் சொன்னாரு."

நான் தலையாட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டேன். அவர் போன பிறகு ஆசிரியர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது காதில் விழவில்லை. ஒரு ஆசிரியை வந்து தோளைத் தொட்டுத்தான் எழுந்து போனேன்.

எனக்கு உடனே எல்லாம் விளங்கியது என்று சொன்னால் பொய். விளங்கியது, ஆனால் வேண்டாம் என்று தள்ளி வைத்தேன். நாலு மாதம் கழித்து ஒரு போன் வந்தது. பேசியவர் முப்பது வயதுக்குள் இருப்பார்.

"அக்கா, மெர்சிங்ல அப்ப யாரோ எடுத்த வீடியோவ இணையத்துல போட்டிருக்காங்க, பாத்தீங்களா? பசங்க எல்லாம் பைத்தியமா இருக்காங்க. நாங்க ஜொகூர் பாருல ஒரு நிகழ்ச்சி செய்றோம். அவரோட பாட்டெல்லாம் பாடப் போறோம். அத நேர்ல பாத்து எழுதினது நீங்கதான? வந்து பத்து நிமிஷம் பேசணும்."

"அவர் எங்க இருக்காருன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. உயிரோட இருக்காரா இல்லையான்னே தெரியல. அதுவும் நல்லாத்தான் இருக்கு."

வீடியோவைத் தேடிப் பார்த்தேன். மங்கலாக இருந்தது, ஆனால் கை தெரிந்தது. கீழே நிறைய இளைஞர்கள் தங்கள் வீடியோக்களைப் போட்டிருந்தார்கள். அவர் பாட்டைப் பாடி, நடுவில் நிறுத்தி, இரண்டாவது பட்டனைப் பிடித்து இழுக்கிறார்கள். அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தார்கள். நெஞ்சுக்குள் இருப்பதை அவர் பிய்த்து எடுக்க முயன்றார் என்று ஒருவர் விளக்கம் எழுதியிருந்தார். "கடல் கூப்பிட்டது" என்று போட்ட டீ சட்டை விற்பனைக்கு இருந்தது. நான் மாணவியை நினைத்தேன். அவள் வகுப்பில் யாராவது இதைச் செய்து சிரித்தால் பிரம்பை எடுத்திருப்பேன்.

பேஸ் வாசித்தவரைத் தேடிப் பிடித்தேன். சிங்கப்பூரில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். முதலில் ஒன்றும் சொல்ல மறுத்தார். "பொந்தியான்ல அக்கா வீட்டுல இருக்காரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நீங்க எழுத மாட்டேன்னு சொன்னா நம்பர் தரேன்." அவர் சம்மதிக்காமல் எழுத மாட்டேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார்.

அந்த நம்பருக்குப் பேசி விலாசம் கேட்டுக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு பொந்தியானுக்குப் போனேன். தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்பில் கடைசி வரிசை வீடு. கார் நிறுத்தும் இடத்தின் ஒரு ஓரத்தை மறைத்துப் பூப்பந்து மட்டைகளுக்கு நரம்பு போடுகிற கடை வைத்திருந்தார். சுவரில் வரிசையாக மட்டைகள். அவர் மெஷினுக்கு முன்னால் நின்று ஒரு நரம்பை இழுத்துக் கட்டி, விரலால் தட்டி, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். தலை பாதி நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்கம்மா. வெயில்ல வந்திருக்கீங்க. உக்காருங்க."

அவருடைய அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார். உட்காரவில்லை. கதவில் சாய்ந்து நின்றார். நான் சுற்றி வளைக்காமல் மாணவியைப் பற்றிச் சொன்னேன். கையைப் பற்றி, "நான் படிச்சு முடிச்சிட்டேனா" என்று அவள் கேட்டதைப் பற்றிச் சொன்னேன். "அண்ணே, உங்களுக்கும் அதுதானா?"

"அதுதான்" என்றார். "சின்னதுலேர்ந்தே இருந்திருக்கும் போல. பகல் கனவு காணுறான்னு ஸ்கூல்ல அடிப்பாங்க. கண்டுபுடிச்சது ரொம்பப் பின்னாடி. இங்க பஸ் ஸ்டாப்ல பெருசா ஒன்னு வந்து விழுந்துட்டேன். மண்ட உடைஞ்சிருச்சு. ஆஸ்பத்திரியில ஸ்கேன் பண்ணிச் சொன்னாங்க. அன்னையிலேர்ந்து மாத்திரை. இப்ப வர்றது ரொம்ப அபூர்வம்."

"அப்ப வானொலியில பதில் சொல்லாம இருந்தது?"

"அதேதான். கேள்வியே எனக்குக் கேக்கல."

"சிங்கப்பூர் வேலை?"

"மெஷின் முன்னால அசையாம நின்னிருக்கேன். போதைன்னு நெனச்சு யூரின் டெஸ்ட் எடுத்தாங்க. ஒன்னும் இல்லன்னு வந்துச்சு. ஆனா அடுத்த தடவ வேலை பெர்மிட் புதுப்பிக்கல. நான் ஏப்ரன வீசல. மடிச்சு வெச்சிட்டுதான் வந்தேன்."

"தெரிஞ்ச பிறகு ஏன் யாருக்கும் சொல்லல?"

மட்டையைக் கீழே வைத்தார். "குடிகாரன்னா பாடக் கூப்பிடுவாங்கமா. பொறுத்துக்குவாங்க, ரசிக்கக்கூட செய்வாங்க. வலிப்புன்னா கூப்பிட மாட்டாங்க. மேடையில விழுந்துட்டா யாரு பாக்குறதுன்னு பயப்படுவாங்க. அப்புறம் மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதும் வரி மறந்து போக ஆரம்பிச்சிருச்சு. நான் எழுதின வரிங்கதான். நிக்காது. சரி, போதும்னு விட்டுட்டேன்."

நான் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன். மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம், பாதியில் நின்றது.

அப்போதுதான் அக்கா பேசினார். "அந்தப் பேப்பர நான்தான் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது. தம்பி படம் வந்திருக்குன்னு சந்தோஷமா படிச்சேன். போதைன்னு வந்த எடத்தத் தாண்டிப் போயிருக்கலாம். நான் தாண்டல. சத்தமா படிச்சிட்டேன்."

அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். அம்மா கட்டுரையை வெட்டி எடுத்து, மடித்து, ஃபாதரிடம் கொண்டுபோயிருக்கிறார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு போய், இனிக் குடிக்க மாட்டேன் என்று பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருக்கிறார்.

"நீங்கதான் குடிச்சதே இல்லையே" என்றேன்.

"சொன்னேன். நம்பல. பேப்பர்லயே வந்திருச்சே. சரி, அம்மா நிம்மதியா இருக்கட்டும்னு சத்தியம் பண்ணிட்டேன். குடிக்காதவன் குடிய விடறேன்னு சத்தியம் பண்ணினேன்." அவர் லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா அது வர்றது நிக்கலியேம்மா. சோத்துத் தட்டு முன்னால உக்காந்து ஒரு நிமிஷம் காணாமப் போயிருவேன். அம்மா பாத்துக்கிட்டே இருப்பாங்க. பைபிள் மேல செஞ்ச சத்தியத்த உடைச்சிட்டான்னு நெனப்பாங்க. ஒன்னும் கேக்க மாட்டாங்க. எழுந்து உள்ள போயிருவாங்க."

அம்மா இறந்து ஒரு வருடம் கழித்துத்தான் அவர் பஸ் நிறுத்தத்தில் விழுந்தார்.

ஒரு பள்ளிப் பெண் சைக்கிளில் வந்து மட்டையை வாங்கிக்கொண்டு போனாள். அவர் அவளிடம், நாலு நாள் அடித்துப் பார்த்துவிட்டுத் தளர்ந்தால் கொண்டு வரச் சொன்னார். என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லி, அங்கே போய் உண்மையைச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார்.

"அக்கா மகளுக்கு மாப்பிள்ள பாக்குறாங்க" என்றார் அவர். "குடும்பத்துல வலிப்பு இருக்குன்னு தெரிஞ்சா ஆயிரம் கேள்வி வரும். இப்ப வேணாம். குடிக்கலன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும். அப்புறம் உயிரோட இருக்கேன்னும் சொல்லிருங்க. செத்துட்டேன்னு படத்துக்கு மாலை போட்டுறப் போறாங்க."

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஜொகூர் பாருவில் ஒரு காப்பிக் கடையின் மாடியில் நடந்தது. ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் அந்த டீ சட்டையில். பாடிய பையன்கள் நன்றாகவே பாடினார்கள். அவரை விட நன்றாகக்கூட. என் முறை வந்தபோது மூன்று விஷயம் சொன்னேன். அவர் குடித்ததில்லை. கடல் கூப்பிட்டது என்று அவர் சொல்லவில்லை, அது நான் எழுதியது. அவர் உயிரோடு இருக்கிறார், வேலை செய்கிறார், அவரைத் தேட வேண்டாம். பிறகு இன்னொன்றும் சொன்னேன்: பட்டனை இழுப்பதை மட்டும் நிறுத்துங்கள், அது நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "அப்ப ஏன்க்கா மேடைய விட்டு நடந்து போனாரு?"

"அத நான் சொல்ல முடியாது" என்றேன்.

மரியாதைக்குக் கை தட்டினார்கள். என்னைக் கூப்பிட்ட இளைஞர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். "நீங்க பழைய மாதிரியே பேசுவீங்கன்னு நெனச்சேன்க்கா" என்றார். கோபமாக இல்லை, ஏமாற்றமாகச் சொன்னார். மறுநாளிலிருந்து இணையத்தில் புதுப் பேச்சு கிளம்பியது. அந்தப் பத்திரிகைக்காரி எதையோ மறைக்கிறாள், அன்றைக்கு மெர்சிங்கில் பெரிய விஷயம் ஏதோ நடந்திருக்கிறது என்றார்கள். ஒரு கதையை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் இன்னொரு கதை வந்து உட்காரும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துப் பொந்தியானிலிருந்து போன். அக்கா மகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்றார் அவர். நிகழ்ச்சியின் வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள். கடைசியில் அக்கா சொல்லிவிட்டார்.

"திட்டிட்டாமா. 'என் கல்யாணத்துக்காக நீங்க வாய மூடிக்கணும்னு நான் கேட்டேனா மாமா'ன்னு கேட்டா. பாக்க வந்த மாப்பிள்ள வீட்டுலயும் அவளே சொல்லிட்டா. அவங்க யோசிச்சுச் சொல்றோம்னு போயிருக்காங்க. ரெண்டு வாரமாச்சு, இன்னும் ஒன்னும் சொல்லல. சொல்லாட்டி போகட்டும்கறா." பிறகு, "நீங்க எழுதறதுன்னா எழுதுங்க. பேரு வேணாம். பேரப் போட்டா திரும்பப் பாடச் சொல்வாங்க" என்றார்.

எழுதி முடித்து, போன வாரம் நேரில் கொண்டுபோனேன். அவர் படிக்கவில்லை. நரம்பு போட்டுக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தார். சத்தம் வரவில்லை. முடித்துவிட்டு இரண்டு திருத்தம் சொன்னார். கடையை வீட்டுக்குள் இருப்பதாக எழுதியிருந்தேன், அது கார் நிறுத்தும் இடத்தில். அதைத் திருத்திவிட்டேன்.

"இன்னொன்னு. அம்மாவ நீங்க ரொம்பக் கண்டிப்பானவங்களா எழுதியிருக்கீங்க. வீட்டுக்குள்ளதான் அந்தச் சத்தியம், கோபம் எல்லாம். வெளிய யாராவது தம்பியப் பத்திக் கேட்டா குடிக்கிறான்னு ஒரு நாளும் சொன்னதில்ல. கோயில்ல, மார்க்கெட்ல, யாரு கேட்டாலும் 'அவனுக்கு ஒடம்பு சரியில்ல'ன்னுதான் சொல்வாங்க. மானத்துக்காகச் சொன்னதுதான். ஆனா அதத்தான் சொன்னாங்க. அதையும் எழுதுங்க."